திருவல்லிக்கேணி இலக்கிய நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து திருவல்லிக்கேணித் தெருக்களில் நடக்கிறோம். பாரதி கடைசியாகக் குடியிருந்த வீடு, உ.வே.சா. ஏடுகளோடு வாழ்ந்த தெரு, 'எழுத்து' பத்திரிகை வெளிவந்த முகவரி என்று பார்த்துக்கொண்டே கடற்கரைக்குப் போய்ச் சேருவோம். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். நடக்கும்போதும் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நின்றுவிடுகிறோம்.

எங்கே, எத்தனை மணிக்குக் கூட வேண்டும்?

பார்த்தசாரதி கோயில் குளக்கரையில், காலை ஆறரைக்கு. சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் எட்டரைக்கு மேல் இந்தத் தெருக்களில் ஒரு வீட்டு வாசலில் நின்று பேச முடியாது. ஆட்டோவும் பைக்கும் தண்ணீர் கேன் வண்டியும் நம்மை நகர்த்திக்கொண்டே இருக்கும். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். காரில் வர வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.

எவ்வளவு தூரம்? வயதானவர்களால் முடியுமா?

நான்கு கிலோமீட்டருக்குள்தான். நின்று நின்று போவதால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். எழுபது தாண்டியவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். தூரத்தைவிட நடைபாதை இல்லாததுதான் சிரமம். வாசல்படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மாடுகள் படுத்திருக்கும். பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வந்தால் நாங்கள் தூக்கி வருகிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் அகலமான தெருக்களாகப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வோம்.

கட்டணம் உண்டா?

இல்லை. காபிக் காசு அவரவருடையது.

இலக்கிய நடை என்கிறீர்கள், கோயில் குளத்தில் ஏன் தொடங்குகிறீர்கள்?

இந்த ஊர் முதலில் பாட்டில்தான் வந்தது, அதனால்தான். அல்லிக் குளம் இருந்த ஊர் அல்லிக்கேணி. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடியிருக்கிறார்கள். அதிலும் திருமங்கையாழ்வார் பத்துப் பாட்டு பாடி, முதல் ஒன்பதின் முடிவிலும் 'திருவல்லிக்கேணிக் கண்டேனே' என்று நிறுத்துகிறார். கோயிலைக் கட்டியவன் தொண்டையர் கோன் என்று பல்லவ மன்னனையும் சொல்கிறார். பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளே இருக்கிறது. ஆக, இங்கே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நடையின்போது கோயிலுக்குள் போவதில்லை. சேவிக்க விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து பெருமாளைப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்துவிடலாம். முதல்முறை போகிறவர்கள் மூலவரின் மீசையைப் பார்க்கத் தவறாதீர்கள்.

பாரதியைக் கொன்றது இந்தக் கோயில் யானைதானே?

இல்லை. எல்லா நடையிலும் வரும் கேள்வி இது. முதல் சில மாதங்கள் நானே ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யானை தள்ளியது, அதிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை என்று. ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அப்புறம் ஈரோட்டுக்குப் போய்ப் பேசினது யாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்துப் படித்த பிறகுதான் தெளிந்தது.

1921-இல், வழக்கமாகத் தீனி கொடுக்கும் யானைதான் மதம் பிடித்திருந்த நேரத்தில் அவரைத் தள்ளிவிட்டது. அதன் காலடியில் விழுந்து கிடந்தவரைக் குவளைக்கண்ணன் என்ற நண்பர் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். காயம் பட்டது, ஆனால் தேறினார். சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகுதான் ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்தார். கொன்றது வயிற்றுக்கடுப்பு. ஏற்கனவே மெலிந்திருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து, 12-ஆம் தேதி பிறந்ததும் உயிர் போனது. முப்பத்தெட்டு வயது. கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்கு உடன் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யானைக் கதை சுலபமாக மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால், அந்தக் கடைசி மாதங்களில் அவர் வேலைக்குப் போனதும் ஊர் ஊராகப் பேசியதும் மறைந்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருப்பது பாரதி வாழ்ந்த அதே வீடுதானா?

அதே இடம். 1993-இல் தமிழக அரசு வாங்கிப் பழுதுபார்த்து நினைவில்லமாக ஆக்கியது. பழைய வீடு மிகவும் சிதிலமாகி இருந்ததால் நிறைய மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. உள்ளே படங்களும் கையெழுத்துப் பிரதிகளின் நகல்களும் இருக்கின்றன. நாங்கள் போகும் நேரத்தில் கதவு திறந்திருக்காது, வாசலில் நின்றுதான் பேசுவோம். உள்ளே பார்க்க விரும்புகிறவர்கள் பிறகு ஒரு நாள் நிதானமாகப் போய்வாருங்கள்.

இந்த வாசலில் செல்லம்மாவைப் பற்றியும் சொல்வோம். கணவர் போன மறு ஆண்டே, 1922-இல், பாரதி ஆசிரமம் என்று பெயர் வைத்து அவருடைய பாடல்களை அச்சிட்டு வெளியிட்டவர் அவர். கையில் காசில்லை, இரண்டு பெண் குழந்தைகள். 'பாரதியாரின் மனைவி' என்று ஒரு வரியில் கடந்துபோகக் கூடியவர் அல்ல.

உ.வே.சா. வீட்டைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. 2012-இல் இடித்துவிட்டார்கள். இருந்தாலும் நடையில் நாங்கள் அதிக நேரம் நிற்பது பிள்ளையார் கோயில் தெருவில்தான்.

கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903-இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தவர் உ.வே. சாமிநாதையர். இந்தத் தெருவில் குடியேறினார். முதலில் வாடகை, பிறகு அந்த வீட்டையே வாங்கினார். கும்பகோணத்தில் தான் பார்த்த வேலையை இவருக்கு விட்டுக்கொடுத்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். தாகூர் வந்து அவரைப் பார்த்தது இந்த வீட்டில்தான். பரிபாடல் 1918-இல், பெருங்கதை 1924-இல், குறுந்தொகை 1937-இல் என்று அவர் பதிப்பித்தவற்றில் பல அவருடைய சென்னை வாழ்க்கையில் வந்தவை. 1942-இல் போர்ப் பயத்தில் ஊர் காலியானபோது ஏடுகளையும் எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

வீடு இல்லாத இடத்தில் எதைக் காட்டுவது? நாங்கள் ஒரு பனையோலை நறுக்கை எடுத்துக் காட்டுகிறோம். பழசு இல்லை, நாங்களே எழுத்தாணியால் கீறி மை தடவியது. அதில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'எரிககரையில கரடி'. படிக்கச் சொல்வோம். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடுதான். ஆகவே அந்தக் கடைசிச் சொல் கரடியா, காடியா? முதல் சொல் எரியா, ஏரியா? ஒரு தடவை தமிழாசிரியர் ஒருவர் ஓலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, "எரி... காயில்... காடி" என்று தயங்கினார். பக்கத்தில் எட்டிப் பார்த்த அவருடைய மகள்தான் "ஏரிக்கரையில் கரடிப்பா!" என்றாள்.

மூன்று சொல்லுக்கே இந்தப் பாடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சொற்கள், பூச்சி அரித்த ஓலை, நடுவில் காணாமல் போன ஏடுகள், ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தாத பாடம் என்று வைத்துக்கொண்டு அவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஓலையைக் கையில் வாங்கியவர்கள் அதன் பிறகு வீடு இருந்த அந்த இடத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். வீடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைச் சொல்ல நான் தயங்குவதில்லை.

அதே தெருவில்தான் 'எழுத்து' வந்ததாமே?

ஆமாம். இந்த நடையை நாங்கள் தொடங்கியதே இதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். உ.வே.சா. சங்கப் பாட்டைப் பதிப்பித்த அதே பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். விமர்சனத்துக்கென்று தொடங்கியது, போகப் போகப் புதுக்கவிதைக்குக் களமானது. ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, நகுலன், பிரமிள், வைதீஸ்வரன் எல்லாம் அதில் எழுதினார்கள். 1962-இல் 24 கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' போட்டார். 1970 வரை 119 இதழ்கள்.

செல்லப்பா பணக்காரர் இல்லை. பத்திரிகையில் பணம் வரவும் இல்லை. தானே அச்சிட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'வாடிவாசல்' எழுதிய கை அது.

ஒரு தெரு. தமிழின் மிகப் பழைய கவிதை அச்சுக்குப் போனதும், அச்சேறத் தகுதியே இல்லை என்று பலர் சொன்ன புதிய கவிதை அச்சுக்குப் போனதும் அங்கிருந்துதான். இருவரும் ஒரே காரியத்தைச் செய்தவர்கள் என்பது என் எண்ணம். யார் வாங்குவார்கள் என்று பார்க்காமல், தமிழுக்கு இது வேண்டும் என்று நினைத்ததை அச்சில் ஏற்றினார்கள். இதைச் சொல்லத்தான் அந்தத் தெருவில் அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

பெண் எழுத்தாளர் யாரும் இந்தப் பேட்டையில் இல்லையா?

வை.மு. கோதைநாயகி இருந்தார். முன்பு எங்கள் நடையில் அவர் இல்லை. கல்லூரி மாணவி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு சேர்த்தோம், முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

1901-இல் பிறந்தவர். ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. புகுந்த வீடு திருவல்லிக்கேணி வை.மு. குடும்பம், கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் குடும்பம் அது. எழுதத் தடுமாறிய காலத்தில் தோழி பட்டம்மாளை எழுதச் சொல்லி, தான் வாயால் சொல்லிக்கொண்டே போனார். முதல் நாடகம் அப்படித்தான் உருவானது. 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து ஆசிரியராக இருந்து நடத்தினார். 115 நாவல்கள். நடுவில் மேடைப் பேச்சு, பாட்டு, சுதந்திரப் போராட்டம், சிறை. 1960-இல் காலமானார்.

இன்று அவருடைய நாவல் ஒன்றைப் படித்தவர்களைப் பார்ப்பது அபூர்வம். நடையில் வருகிறவர்களிடம் கேட்டால், "எங்க பாட்டி படிப்பாங்க" என்று ஒருவராவது சொல்வார். அந்தப் பாட்டிகள் அடுப்பு வேலை முடிந்த பிற்பகலில் படித்தார்களே, அந்தப் படிப்பும் இலக்கிய வரலாறுதான்.

பத்திரிகைகளுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

நிறைய. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் பேசிப் பழகிய ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய், 80 பிரதிகள், வாரம் ஒருமுறை. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனதை வெள்ளைக்காரர் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்லத்தான் ஆரம்பித்தார்கள். அந்த ஆறு பேரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தமிழில் கொண்டுவந்தார். 1904-இல் அங்கே உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தான் பாரதி.

கணித மேதை ராமானுஜன் வீடும் வழியில் வருமா?

அவரும் இங்கே தங்கியிருந்தவர்தான். போகிற வழியில் சொல்வோம், நிற்க மாட்டோம். அவருக்கென்று தனியாக ஒரு நடை வேண்டும்.

இலக்கிய நடையில் பெரிய மசூதி ஏன்?

திருவல்லிக்கேணியில் எழுதப்பட்டது தமிழில் மட்டும் இல்லை. ஆற்காட்டு நவாபின் அரண்மனை சேப்பாக்கத்தில் அமைந்ததும், பாரசீகமும் உருதும் அறிந்த புலவர்கள் சுற்றிலும் குடியேறினார்கள். 1795-இல் எழுந்த வாலாஜா மசூதியில் பாரசீகக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் ராஜா மக்கன் லால் கிராத் என்ற இந்து, நவாபின் செயலர். அந்த எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் மசூதி கட்டிய ஆண்டு வரும். ஒரு புலவர் ஒரே வரியில் பொருளும் ஓசையும் கணக்கும் சரியாக வரும்படி எழுதியிருக்கிறார் என்பதை வெளிமுற்றத்தில் நின்று சொல்வோம். தொழுகை நேரத்தில் பேச மாட்டோம். தலையில் துணி, முழங்காலுக்குக் கீழ் வரை ஆடை இருந்தால் நல்லது.

படம் எடுக்கலாமா?

தெருவை எடுக்கலாம். திண்ணையில் இருப்பவர்களையும் கோலம் போடுகிறவர்களையும் கேட்டுவிட்டு எடுங்கள். இது மக்கள் குடியிருக்கும் ஊர். ஒரு வீட்டு ஜன்னலுக்குள் யாரோ கேமராவை நீட்டியதால் அந்தத் தெருவில் நாங்கள் மூன்று மாதம் நிற்க முடியாமல் போனது.

காலைச் சாப்பாடு?

நடு வழியில் இருபது நிமிடம் நிறுத்துவோம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948-இலிருந்து இருக்கும் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிட்டு, டிகாக்‌ஷன் காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் கையேந்தி பவன்கள் உண்டு.

பழைய புத்தகக் கடைகளுக்குப் போவோமா?

பாரதி சாலையில்தானே நடக்கிறோம், அவசியம் போவோம். பெரியவர்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்பார்கள். நடைபாதைப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன சாலை. பை எடுத்து வாருங்கள். பேரம் பேசலாம், ஆனால் புத்தகத்தின் மதிப்பைக் கடைக்காரர் நம்மைவிட நன்றாக அறிந்தவர். ஒரு முறை அட்டை போன 'எழுத்து' இதழ் ஒன்றை நம்மோடு வந்த ஒருவர் குவியலிலிருந்து உருவி எடுத்தார். முதல் பக்கத்தில் முகவரியைப் படித்துவிட்டு, "இப்பத்தானே அங்கிருந்து வந்தோம்!" என்று எல்லாருக்கும் காட்டினார்.

முன்னால் ஏதாவது படித்துவிட்டு வர வேண்டுமா?

வேண்டாம். பாரதி பாட்டு ஒன்று தெரிந்திருந்தால் போதும், அதுவும் எல்லோருக்கும் தெரியும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை படித்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சந்தோஷம் உண்டு. பூமிக்கு இறங்கி வந்த கடவுள் கந்தசாமிப் பிள்ளையிடம் முதலில் கேட்பது திருவல்லிக்கேணிக்கு வழிதான்.

மழை பெய்தால்?

தூறலில் நடப்போம். கார்த்திகை அடைமழையில் தெருக்களில் தண்ணீர் நின்றுவிடும், அப்போது அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்போம்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா?

தாராளமாக. இங்கே எழுதியிருப்பதே போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தெருவில் இருப்பவர்களிடம் பேசுங்கள். என் தவறைத் திருத்தியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான். அவரைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கே முடிகிறது?

மெரினாவில். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள் கடற்கரைச் சாலை நெடுக நிற்கின்றன: ஔவை, வள்ளுவர், கம்பர், பாரதி, பாரதிதாசன், போப், கால்டுவெல். நாங்கள் தேடிப் போவது வீரமாமுனிவரை. இத்தாலியிலிருந்து வந்து, நெடில் ஏகார ஓகாரத்துக்கு இரட்டைக்கொம்பு கொடுத்துக் குறிலிலிருந்து பிரித்துக் காட்டியவர். அவர் காலடியில் நின்று அந்த ஓலையை மறுபடி எல்லாருக்கும் கொடுப்போம். 'எரி'யை 'ஏரி' என்று படிக்க ஒரு கோடு போதும், அதைப் போட்டவர் இவர்தான் என்று சொல்வோம். குழந்தைகள் யாராவது வந்திருந்தால் ஓலை அவர்களுக்கு. அப்புறம் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவோம்.